தகுதி எந்த நாளில் தீர்மானமாகிறது?

2014 செப்டம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஓர் அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்து, 25ஆம் தேதி, அதே நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அதே அரசாணையை ரத்து செய்தது. ஆசிரியர் தகுதித் தேர்வில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான தேர்ச்சி மதிப்பெண்ணை 60 விழுக்காட்டிலிருந்து 55 ஆகக் குறைத்த அரசாணை எண் 25 அது. 150க்கு 90 எடுத்தால்தான் தேர்ச்சி என்று சொல்லித் தேர்வு நடந்தது 2013 ஆகஸ்ட்டில். 82 எடுத்தாலே போதும் என்று அரசாணை வந்தது 2014 பிப்ரவரியில். 82க்கும் 89க்கும் நடுவில் நின்றவர்கள் ஆகஸ்ட்டில் தோற்று, பிப்ரவரியில் வென்று, செப்டம்பரில் சென்னையில் தகுதி பெற்றவர்களாகவும் மதுரையில் தகுதி இழந்தவர்களாகவும் ஆனார்கள். உச்ச நீதிமன்றம் லாவண்யா வழக்கில் 2016 நவம்பர் 9 அன்று தீர்ப்பளித்து அரசாணை செல்லும் என்று முடிக்கும் வரை இந்த நிலை நீடித்தது. சலுகை அளிக்கும் அதிகாரம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2011 வழிகாட்டுதல்களின்படி மாநிலத்துக்கு முன்பே இருந்தது, ஆகவே இது ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றியது ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அரசுப் பணித் தகுதி தொடர்பான வழக்குகள் எவ்வளவு வகைப்பட்டவையாக இருந்தாலும் அவற்றின் அடியில் இருப்பது இந்த ஒரே கேள்விதான்: ஒருவர் தகுதியானவரா இல்லையா என்பது எந்த நாளில், யாரால் தீர்மானிக்கப்படுகிறது? விண்ணப்பிக்கும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய விடை, தேர்வு எழுதி, முடிவு வந்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய், அங்கே நிராகரிக்கப்பட்டு, ரிட் மனு போட்டு, மேல்முறையீடும் முடிந்த பிறகே தெரியவருகிறது. இந்தத் தாமதத்தின் சுமை முழுவதையும் தேர்வர்தான் சுமக்கிறார். பிழையின் பெரும்பகுதி அறிவிக்கையில் இருக்கும்போதும் இதுதான் நிலை என்பதே இந்த வழக்குகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படும் முடிவு.

இந்த வழக்குகள் குவியும் இடங்களில் ஒன்று மதுரை. மேலூர் சாலையில், ஒத்தக்கடைக்கு அருகே உலகனேரியில், 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு தொடங்கியது. அதற்கு முன் கன்னியாகுமரிக்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் பணி நியமன வழக்குக்காக இரவுப் பேருந்திலோ பாண்டியன் எக்ஸ்பிரஸிலோ சென்னைக்குப் போய்வர வேண்டியிருந்தது. 1988இல் அமைக்கப்பட்ட மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் பின்னர் மூடப்பட்டதால், மாநில அரசுப் பணி வழக்குகள் நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கே வருகின்றன. மத்திய அரசுப் பணி என்றால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். 1997ஆம் ஆண்டு சந்திரகுமார் தீர்ப்புக்குப் பின் அதன் முடிவுகளும் உயர் நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட்டவையே. தென் மாவட்டங்களில் பெரிய தொழில்கள் குறைவு. மானாவாரி நிலம் வைத்திருக்கும் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு அரசு வேலை கிடைப்பது அந்தக் குடும்பத்தின் பல ஆண்டுத் திட்டம். புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பயிற்சி வகுப்பிலும், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு ஆண்டுகள் எவ்வளவு விலை உயர்ந்தவை என்று சொல்ல வேண்டியதில்லை. 2022 குரூப் 4 தேர்வுக்கு 7,301 பணியிடங்களை அறிவித்தபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர்.

இந்த வழக்குகளின் வேர் பழையது. இந்தியாவின் மாகாணங்களிலேயே முதலாவதாகப் பணித் தேர்வாணையம் அமைந்தது சென்னை மாகாணத்தில், 1929இல். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த அடுத்த ஆண்டே, 1951 ஏப்ரல் 9 அன்று, செண்பகம் துரைராஜன் வழக்கோடு வேங்கடரமணா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலாவது கல்லூரிச் சேர்க்கை பற்றியது என்பதால் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவது வேலை நியமனம் பற்றியது. 83 மாவட்ட முன்சீப் பணியிடங்களை அரிஜனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவர்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11 என்று வகுப்புவாரி ஆணை பிரித்திருந்தது. அரிஜனங்களுக்கும் பிற்படுத்தப்பட்டவர்களுக்குமான ஒதுக்கீடு 16(4) பிரிவின் கீழ் செல்லும், மற்றவை செல்லாது என்றது நீதிமன்றம். இடஒதுக்கீட்டின் வரலாற்றில் அது தனிக் கதை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது வேறொன்று: எந்தப் பிரிவில் ஒருவர் நிற்கிறார் என்பதும் தகுதியின் பகுதியே என்பது அன்றே நிலைபெற்றுவிட்டது.

நாள் பற்றிய சட்டம் காகிதத்தில் தெளிவாகவே இருக்கிறது. பணி விதியில் நாள் குறிப்பிட்டிருந்தால் அந்த நாள். இல்லையென்றால் விளம்பரத்தில் சொன்ன நாள். அதுவும் இல்லையென்றால் விண்ணப்பிக்கக் கடைசி நாள். 1993ஆம் ஆண்டு ரேகா சதுர்வேதி வழக்கிலும், 1997 அசோக் குமார் சர்மா வழக்கிலும், 2000இல் பூபிந்தர்பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. நேர்காணலுக்குள் பட்டம் வந்துவிட்டதே என்ற வாதம் எடுபடாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) இன்னும் இறுக்கமாக, அறிவிக்கை வெளியாகும் நாளிலேயே கல்வித் தகுதி இருக்க வேண்டும் என்கிறது. கடைசிப் பருவத் தேர்வு எழுதி முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு, பல்கலைக்கழகம் முடிவை ஒரு வாரம் முன்னால் வெளியிடுகிறதா பின்னால் வெளியிடுகிறதா என்பதே அந்த ஆண்டின் வாய்ப்பைத் தீர்மானித்துவிடுகிறது.

தகுதி இருப்பது வேறு, தகுதிக்கான சான்று கையில் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை 2004ஆம் ஆண்டு டாலி சந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2016இல் ராம் குமார் கிஜ்ரோயா வழக்கில், பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைக் கடைசி நாளுக்குப் பின் கொடுத்தவருக்கும் பணி உண்டு என்றது. சாதி விண்ணப்ப நாளுக்குப் பிறகு முளைப்பதில்லை அல்லவா? ஆனால் 2023இல் திவ்யா வழக்கில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான சான்றிதழ் குறித்த நாளுக்குள் கையில் இருந்தே ஆக வேண்டும் என்றது. வருமானம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், சாதி மாறாது என்ற அளவில் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் இந்த நுணுக்கம் தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் தேர்வருக்கு எப்படித் தெரியும்? சான்று தரத் தாமதிப்பதும் அரசு, தாமதமாகத் தந்தாய் என்று நிராகரிப்பதும் அரசு.

விண்ணப்பத்தில் நேரும் சிறு பிழைகளுக்கும் இதே ஊசலாட்டம்தான். அறிவுரைகள் கட்டாயமானவை என்று 2006ஆம் ஆண்டு வெண்ணிலா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. சிவில் நீதிபதி தேர்வில் விடைத்தாளில் பென்சிலால் கோடிட்ட ஹேமலதாவுக்கு உயர் நீதிமன்றம் இரங்கியது. 2019 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அந்த நிவாரணத்தை ரத்து செய்தது. அதே உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில், பிறந்த தேதி 18 என்பதற்குப் பதில் 8 என்று பதிந்துவிட்ட பீகார் காவலர் தேர்வருக்கு, அற்பப் பிழைக்காக ஒருவரின் வாழ்க்கையை முடக்கக் கூடாது என்று வேலை தரச் சொன்னது. எனக்கு இரண்டாவது தீர்ப்பே நியாயமாகப் படுகிறது. அந்தத் தவறால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும்.

மிகக் கசப்பான வழக்குகள் பட்டத்தின் மதிப்பு பற்றியவை. மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கி 1978இல் காமராஜர் பெயர் பெற்றது. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே அஞ்சல்வழிக் கல்வியை நடத்திவந்த அந்தப் பல்கலைக்கழகம், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள், திருமணத்துக்குப் பின் படித்த பெண்கள், பத்தாம் வகுப்போடு நின்று மீண்டும் தொடங்கியவர்கள் என்று பல்லாயிரம் பேருக்குப் பட்டம் தந்தது. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒரு படி போய், பள்ளிக் கல்வியே முடிக்காதவர்களுக்கும் பட்டம் தந்தன. அந்தக் கதவு 2009இல் மூடியது. திரைப்படக் கல்லூரி முதல்வர் நியமனத்தில் எழுந்த பிரச்சினை அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று அங்கே தீர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் தமிழக அரசு அரசாணை எண் 107ஐ வெளியிட்டது: பத்து, பன்னிரண்டு, அதன்பின் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வந்திருந்தால்தான் திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படும்.

தரத்தைக் காக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டங்களை வழங்கிய பல்கலைக்கழகங்கள் சட்டமன்றத்தின் சட்டத்தால் உருவானவை, ஆளுநரை வேந்தராகக் கொண்டவை. பணம் வாங்கிப் பட்டம் தந்த கை ஒன்று, அந்தப் பட்டத்தை மறுத்த கை இன்னொன்று. இரண்டும் ஒரே அரசின் கைகள். ஏற்கெனவே பணியில் இருந்தவர்களின் பதவி உயர்வு நின்றபோது அவர்கள் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். சேலம் விநாயகா மிஷன் உள்ளிட்ட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றித் தொலைநிலையில் தந்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தபோது மட்டும் ஒரு நடுவழி கிடைத்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) நடத்தும் தேர்வில் தேறிப் பட்டத்தை மீட்டுக்கொள்ள வாய்ப்பு தரப்பட்டது. ஒழுங்குமுறை அமைப்பின் தவறுக்கு மாணவரை முழுமையாகத் தண்டிக்காத அந்த வழியை மற்ற வழக்குகளும் பின்பற்றியிருக்கலாம்.

இணையான கல்வித் தகுதி என்பது அடுத்த சிக்கல். வேதியியல் கேட்கிற பணிக்குப் பயன்பாட்டு வேதியியல் போதுமா, வணிகவியல் கேட்டால் வணிகவியலோடு கணினிப் பயன்பாடு சேர்ந்த பட்டம் செல்லுமா? பாடத்திட்டம் பெரும்பாலும் ஒன்றே. பெயரில்தான் வேறுபாடு. கல்லூரிகள் மாணவர்களை ஈர்க்கப் புதுப்புதுப் பெயர்களில் படிப்பைத் தொடங்குகின்றன. அது எதற்கு இணை என்று அரசாணை வருவதற்குள் ஐந்தாறு அணிகள் படித்து வெளியேறிவிடுகின்றன. இணைத்தன்மையை நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது, அது வேலை தருபவரின் அதிகாரம் என்பதை உச்ச நீதிமன்றம் 2018 ஜாகூர் அகமது ராதர், 2019 சந்தீப் வாராடே, 2021 தேவேந்தர் பாஸ்கர் வழக்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது. உயர்ந்த படிப்பு இருந்தால் தாழ்ந்த படிப்பும் அதில் அடக்கம் என்ற ஜோதி வழக்கின் பார்வை, கேரள விதியில் அதற்கென ஏற்பாடு இருந்ததால் வந்தது, மற்ற இடங்களுக்கு அது பொருந்தாது என்றும் ஜாகூர் வழக்கு விளக்கியது. பட்டம் இருப்பதே தடையாகும் பணிகளும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கான பியூன் வேலைக்குத் தன் பட்டத்தை மறைத்து விண்ணப்பித்தவரின் நியமனத்தை, 2020 நவம்பரில் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்வது சரி. அப்படியானால் அதிகாரம் உள்ளவர் காலத்தோடு தீர்மானிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது: இணைத்தன்மை அரசாணை, அறிவிக்கை நாளன்றோ அதற்கு முன்போ வெளியாகியிருக்க வேண்டும். பின்னால் வந்தால் ஏற்கப்படாது. தேர்வரால் செய்ய முடியாத ஒன்றை, அரசு மட்டுமே செய்யக்கூடிய ஒன்றை, தேர்வர் நிறைவேற்றத் தவறிய நிபந்தனையாக இந்த வரி ஆக்கிவிடுகிறது. தகுதி வழக்குகளில் கணிசமானவை இந்த இடத்தில் பிறக்கின்றன.

தமிழ்வழி ஒதுக்கீட்டு விவகாரம் மதுரையோடு நெருங்கிப் பிணைந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 20 விழுக்காட்டைத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கியது. பணிக்குரிய கல்வித் தகுதியைத் தமிழில் பெற்றிருந்தால் போதும் என்றே அது சொன்னது. குரூப் 1 பணிக்குத் தகுதி பட்டம். எனவே ஆங்கிலப் பள்ளியில் படித்து, ஆங்கிலத்தில் பொறியியல் முடித்தவரும், பின்னர் தொலைநிலையில் தமிழ்வழியில் ஒரு பி.ஏ. வாங்கி, தமிழ்வழியில் படித்ததற்கான (பி.எஸ்.டி.எம்.) சான்றிதழோடு வரிசையில் நிற்க முடிந்தது. அரசுப் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து தமிழில் படித்த பிள்ளைக்காக வந்த சட்டம், அந்தப் பிள்ளைக்கு எதிராகவே திரும்பியது. மதுரை அமர்வில் இது வழக்கானது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என எல்லாப் படிகளையும் தமிழில் முடித்திருக்க வேண்டும் என்ற திருத்தத்தைப் பேரவை 2020 மார்ச்சில் நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் வந்தது டிசம்பரில். அதற்குள் தாமதம் ஏன் என்று மதுரை அமர்வு கேள்வி எழுப்பியிருந்தது. 2021 மார்ச் தீர்ப்பில் அமர்வு திருத்தத்தின் நோக்கத்தை ஏற்றுக்கொண்டது. தொலைநிலைக் கல்வி வழியாகப் பெற்ற தமிழ்வழிச் சான்றுகள் பற்றி ஊழல் தடுப்பு, கண்காணிப்புத் துறையின் விசாரணையும் தொடங்கியது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவுப் பெயரிலான போலிச் சான்றுகள் குறித்து அந்தத் துறை பின்னர் வழக்குப் பதிவு செய்தது.

திருத்தம் ஓர் ஓட்டையை அடைத்தது. இன்னோர் அநீதியை அப்படியே விட்டுவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பெண், அருகிலுள்ள கல்லூரியில் அவள் கேட்ட அறிவியல் பாடம் தமிழில் இல்லாததால் ஆங்கிலத்தில் சேர்ந்தால், பட்டப் படிப்பு வேண்டும் பணிகளில் அவளுக்கு இந்த முன்னுரிமை கிடையாது. அண்ணா பல்கலைக்கழகமே தமிழில் பொறியியலைத் தொடங்கியது 2010இல்தான், அதுவும் கட்டடவியல், இயந்திரவியல் இரண்டில் மட்டும். தமிழில் பட்டப் படிப்பைத் தராத அரசு, தமிழில் பட்டம் பெறவில்லை என்று தகுதியை மறுக்கிறது. பள்ளிக் கல்வி முழுவதையும் தமிழில் முடித்தவருக்கும் ஒரு பங்காவது தரும்படி சட்டம் மீண்டும் திருத்தப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

சாதிச் சான்று வழக்குகளில் மதுரைச் சமவெளிக்குத் தனி வரலாறு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்த சமூகங்கள் இங்கே அதிகம். 1979இல் அவர்களுக்கான சீர்மரபினர் பழங்குடி என்ற பெயர் சீர்மரபினர் வகுப்பு என்று மாற்றப்பட்டது. 2019இல் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுத் திட்டங்களுக்கு ஒன்று என இரண்டு சான்றுகள் வழக்கத்துக்கு வந்தன. ஒரே மனிதருக்கு இரண்டு அடையாளம் என்றானது. பழங்குடிச் சான்றுகளில் சிக்கல் வேறு மாதிரி. 1994 மாதுரி பாட்டீல் தீர்ப்புக்குப் பின் ஆய்வுக் குழுக்கள் வந்தன. பொய்ச் சான்றில் பெற்ற வேலை எத்தனை ஆண்டு கழித்தும் நிலைக்காது என்று 2017இல் ஜகதீஷ் பாலாராம் பஹிரா வழக்கு முடித்தது. உண்மையான காட்டுநாயக்கர் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சான்று வாங்கவே படும் பாட்டை நினைத்தால், போலிகள் செய்த கேடு எத்தகையது என்று புரியும்.

மதம் மாறியவரின் நிலையும் இங்கே தீர்ப்புக்கு வந்தது. மிகவும் பிற்படுத்தப்பட்ட இந்து சமூகத்திலிருந்து 2008இல் இஸ்லாத்தைத் தழுவிய ஒருவர், குரூப் 2 தேர்வில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமாகத் தன்னைக் கருதக் கோரினார். டி.என்.பி.எஸ்.சி. அவரைப் பொதுப் பிரிவில் வைத்தது. 2022 டிசம்பர் 1 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த முடிவை உறுதிசெய்தார். 2024 மார்ச்சில் மாநில அரசு, மதம் மாறியவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்று ஆணையிட்டது. அதற்கு முன் விண்ணப்பித்தவருக்கும் பின் விண்ணப்பித்தவருக்கும் ஒரே நிலைமை, இரண்டு விடை.

காவலர் தேர்வுக்கு வருவோம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பின்பற்றும் விதியின்படி, குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். 2008இல் மணிகண்டன் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த விதியை ஏற்றது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கை மறைத்தாரா, வழக்கு எத்தகையது, அப்போது அவர் வயது என்ன என்பதையெல்லாம் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று வழிகாட்டியது. கிராமத்து வாய்க்கால் தகராறிலும் கோயில் திருவிழா மோதலிலும், எதிர்த்தரப்பு வேண்டுமென்றே வீட்டில் உள்ள படித்த பையனின் பெயரையும் முதல் தகவல் அறிக்கையில் சேர்த்துவிடுவது இந்தப் பகுதியில் தெரிந்த கதை. அவன் வேலைக்குப் போகக் கூடாது என்பதே நோக்கம். சாட்சிகள் பின்வாங்கி வழக்கு தள்ளுபடியானாலும் காயம் ஆறுவதில்லை. 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர்கள் மீதான வழக்குகளை அரசு பின்னர் திரும்பப் பெற முடிவெடுத்தது. அந்தப் பரிவு வாய்க்கால் தகராறில் சிக்கியவனுக்குக் கிடைப்பதில்லை. விதியே தகுதிக் கேள்வியை எதிர்பார்க்காத இடமும் உண்டு: விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்ததால் நிராகரிக்கப்பட்ட திருநங்கை பிரித்திகா யாஷினி, 2015 நவம்பரில் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பால் உதவி ஆய்வாளர் ஆனார்.

தகுதி வழக்கு கீழ்நிலைப் பணிகளோடு நிற்பதில்லை. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 2012இல் கல்யாணி மதிவாணன் நியமிக்கப்பட்டார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 ஒழுங்குமுறைப்படி பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் வேண்டும், அவருக்கு அது இல்லை என்று தொடுத்த வழக்கில் 2014 ஜூனில் உயர் நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்தது. 2015 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மாநில அரசு ஏற்றுக்கொள்ளாதவரை அந்த ஒழுங்குமுறை மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயப்படுத்தாது என்றது. அடுத்து வந்த பி.பி. செல்லத்துரையின் நியமனத்தையும், தேடல் குழுவின் குறைபாடுகளைச் சுட்டி, 2018 ஜூனில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் 2022இல் குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழக வழக்கிலும் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வழக்கிலும் உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் போய், மானியக் குழு விதியை மீறிய துணைவேந்தர் நியமனங்கள் செல்லாது என்றது. ஏழு ஆண்டுகளில் ஒரே விதி வழிகாட்டியாக இருந்து கட்டாயமாக மாறியது. கடைநிலைத் தேர்வருக்கு அறிவிக்கையின் ஒவ்வொரு எழுத்தும் கட்டாயம் என்று சொல்லும் சட்டம், உச்சிப் பதவிக்கு இவ்வளவு காலம் ஊசலாடியது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நடுவழியில் விதியை மாற்றக் கூடாது என்பதை 2008 மஞ்சுஸ்ரீ தீர்ப்பு சொன்னது. 2024 நவம்பர் 7 அன்று தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது: விண்ணப்பம் கேட்டு விளம்பரம் வந்ததிலிருந்து இடங்கள் நிரம்பும் வரை தகுதி வரம்பை மாற்றக் கூடாது, விதியோ விளம்பரமோ அதற்கு இடம் தந்திருந்தால் தவிர. அந்தக் கடைசிச் சொற்களுக்குள் இன்னும் நிறைய வழக்குகள் காத்திருக்கின்றன. ஆசிரியர்களையே பாருங்கள். 2013இல் தேறியவர்கள் நியமனத்துக்குக் காத்திருக்க, 2018இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி போதாது, இன்னொரு போட்டித் தேர்வும் உண்டு என்று அரசாணை எண் 149 வந்தது. 2020இல் வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்றானது. 2023இல் அது 53, 58 என்று உயர்ந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் நியமனம் பெற்று, இருபது ஆண்டு வகுப்பறையில் நின்றவரின் தகுதியும் இப்போது கேள்விக்குள் வந்திருக்கிறது.

தேர்வர் பக்கம் இவ்வளவு சாய்ந்து எழுதும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் கேட்ட தகுதி இல்லாத ஒருவருக்கு இரக்கத்தால் வேலை தருவது, அதே நிலையில் இருந்தும் விளம்பரத்தை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டவர்களுக்குச் செய்யும் மோசடி என்று 1990இல் திரிபுரசுந்தரி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் யாரும் வழக்கில் தரப்பினர் அல்லர். தேர்வு எழுத மட்டும் இடைக்கால அனுமதி வாங்கி, முடிவை நிறுத்திவைத்து, மூன்று ஆண்டு கழித்து இறுதித் தீர்ப்பில் தோற்பவருக்கு அந்த அனுமதி எந்த உரிமையையும் தருவதில்லை. அதனால் நடுவில் காலியாக நின்ற இடமோ, பட்டியலில் அடுத்து நின்றவரின் வயதோ திரும்பி வருவதும் இல்லை.

ஆகவே நீதிமன்றத்தில் இரக்கத்தை எதிர்பார்ப்பதைவிட, வழக்கு பிறக்கும் இடத்தில் கை வைப்பதே வழி. பட்டங்களின் இணைத்தன்மையைத் தீர்மானிக்கும் அரசுக் குழு ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும், அந்த ஆண்டு தொடங்கும் படிப்புகள் எந்தெந்தப் பணிக்குச் செல்லும் என்று பட்டியல் வெளியிட வேண்டும், மாணவர் கட்டணம் கட்டுவதற்கு முன்பே. பட்டியலில் இல்லாத பட்டம் வைத்திருப்பவர் தேர்வுக்கு முன்பே எழுதிக் கேட்டால், தேர்வாணையம் குறித்த நாட்களுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். அந்தப் பதில் இரு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும். வழக்கு வந்தாலும் தேர்வுக்கு முன்பே வரும், ஒரு பட்டத்துக்கு ஒரு தீர்ப்போடு முடியும். அதோடு இணைத்தன்மை அரசாணையின் நாள் பற்றி அறிவிக்கையில் உள்ள அந்த ஒரு வரியை இப்படி மாற்ற வேண்டும்: அறிவிக்கை நாளுக்கு முன் தேர்வர் பட்டம் பெற்றிருந்தால், அந்தப் பட்டத்துக்கான இணைத்தன்மை அரசாணை சான்றிதழ் சரிபார்ப்பு நாள் வரை எப்போது வெளியானாலும் அது ஏற்கப்படும்.